அதிர்வு உணரி பழுதாகும் தேதியைச் சொல்வதில்லை

மோட்டாரில் அதிர்வு உணரியைப் பொருத்தினால் அது பழுதாகும் தேதியையே செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும் என்றும், நூற்பாலைக்கும் சிமென்ட் ஆலைக்கும் ஒரே மென்பொருள் போதும் என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதலாவது மிகை; இரண்டாவது தவறு.

மோட்டாரின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்கின் வெளிவளையத்தில் சிறு பள்ளம் விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கையில் ஒரு தட்டல் எழும். நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் தண்டில், ஒன்பது குண்டுகள் உள்ள பேரிங்கானால், அது நொடிக்கு ஏறத்தாழ 90 தட்டல்கள். உணரி பிடிப்பது இதைத்தான். அதாவது, பழுது தொடங்கிவிட்டது என்பதை. மிச்ச ஆயுள் வேறு கணக்கு. ஒரே வகைப் பேரிங்குகளை ஒரே சுமையில் ஓட்டினாலும் அவற்றின் ஆயுள் பன்மடங்கு வேறுபடும் என்பதால்தான், தயாரிப்பாளர்களே 90 சதவீதப் பேரிங்குகள் எட்டக்கூடிய ஆயுளை மட்டும் அட்டவணையில் தருகிறார்கள்.

சீரான வேகத்தில் ஓடும் மின்விசிறியின் தரவைக் கொண்டு பழக்கிய மென்பொருளை, சுமை நொடிக்கு நொடி மாறும் கல் அரவையில் வைத்தால் வீண் எச்சரிக்கைகளே மிஞ்சும். போதாக்குறைக்கு, நன்றாகப் பராமரிக்கும் ஆலைகளில் பேரிங் உடையும் முன்பே மாற்றப்பட்டுவிடுவதால், பழக்குவதற்கான பழுதுத் தரவே அரிது. மோட்டாருக்குள் இருக்கும் சுருள்கம்பியின் மின்காப்புச் சிதைவோ, பெரும்பாலும் அதிர்வில் தெரிவதே இல்லை. அதற்கு, மின்காப்பின் தடையை அளக்கும் காப்புத்தடைச் சோதனைதான் தேவை.