கைதோண்டேயின் கைவேலை

அரூப ஓவியர் வி.எஸ். கைதோண்டே பற்றி யார் எழுதினாலும் ஜென், தியானம், மௌனம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அவருக்கு ஜென்னில் ஈடுபாடு இருந்தது உண்மைதான். ஆனால் இந்த ஆன்மிகப் பேச்சில் அந்த மனிதரின் கைவேலை காணாமல் போகிறது. அதுதான் என் புகார்.

1924இல் நாக்பூரில் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தவர். அறுபதுகளில் தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு ரோலரையும் வண்ணம் குழைக்கும் பேலட் கத்தியையும் எடுத்துக்கொண்டார். வண்ணத்தை மெல்லிய படலமாக உருட்டுவார், கத்தியால் வழிப்பார். செய்தித்தாள், பத்திரிகைத் தாள்களைக் கிழித்து ஈர வண்ணத்தின் மேல் ஒற்றி எடுப்பார். தாளோடு கொஞ்சம் வண்ணம் போய்விடும், மிச்சம் தங்கும். எது போகும், எது தங்கும் என்பது முழுக்க அவர் கையில் இல்லை. தங்கியதை அப்படியே விடுவதா, இன்னொரு படலம் ஏற்றி மூடுவதா என்பது மட்டும் அவர் முடிவு. வண்ணத்தின் போக்கில் விடுவது என்கிறோமே, அது இதுதான். இத்தனை வருடம் வண்ணத்தோடு பழகிய கைக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

வருஷத்துக்கு ஐந்தாறு படம்தான் வரைந்தார் என்பதையும் ஏதோ துறவு மாதிரி சொல்வார்கள். எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். கீழே உள்ளது இறுகுவதற்குள் மேலே ஏற்றினால் நிறம் கலங்கும், பின்னால் வெடிப்பும் விடலாம். அவர் காத்திருந்ததில் ஞானம் எவ்வளவோ, அவ்வளவு ரசாயனமும் இருக்கிறது. (வெறும் கேன்வாஸைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம். சரி, அந்தக் கணக்கைத் தியானத்துக்கே கொடுத்துவிடலாம்.)

1984இல் ஒரு விபத்து. அதன்பின் சில வருடங்கள் பெரிய கேன்வாஸ் பக்கம் போக முடியவில்லை. சிறிய தாள்களில் மையால் வரைந்தார். மை தாளில் ஊறிவிடும், வழித்தெடுக்க வழியே இல்லை. அதனால் அந்தப் படங்களில் அடுக்குகள் கிடையாது, வைத்த கோடு வைத்ததுதான்.

2015இல் மும்பையில் அவர் படம் ஒன்று 29 கோடிக்கு மேல் ஏலம் போனது. விலைக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குப் படத்தையும் போட்டால் “இதுல என்ன இருக்கு?” என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்த அளவில் நிஜமாகவே ஒன்றும் இல்லை. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவர் படங்கள் உண்டு. நீங்கள் போகும்போது மாட்டியிருந்தால் நேராக மட்டும் நின்று பார்க்காதீர்கள், பக்கவாட்டிலும் போய் நில்லுங்கள். ரோலர் விட்ட தடமும் கத்தி வழித்த விளிம்பும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.