ஆள் இல்லாத தீவு என்றால் இளப்பமா?

நேற்றைய பென்குயின் மீம் விஷயம்தான்.  ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான, பென்குயின்கள் வாழும் ஆளில்லாத ஹேர்டு, மெக்டொனால்டு தீவுகளுக்கும் சேர்த்து 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் டிரம்ப் 10 சதவீத இறக்குமதி வரி போட்டதை அந்த மீமில் கேலி செய்தீர்கள், சரி. ஆனால் “மனுஷனே இல்லாத தீவால யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்று ஒருவர் எழுத, அத்தனை பேர் ஆமாம் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆள் இல்லாததால்தான் ஐயா ஹேர்டு தீவுக்கு மதிப்பு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 4,000 கிலோமீட்டர், நம் இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடி. 2,745 மீட்டர் உயர எரிமலை, அதன்மேல் பனியாறுகள். 19ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக யானைச் சீல்களைக் கொன்று குவித்தார்கள். மனிதர்கள் கிளம்பிப்போன பிறகுதான் அவை மீண்டன. எலி, பூனை, முயல் எதுவும் அங்கே காலூன்றவில்லை. அவை புகுந்த மக்குவாரி என்ற இன்னொரு ஆஸ்திரேலியத் தீவில் அவற்றை ஒழித்து முடிக்க 2014 ஆனது. 1997இல் ஹேர்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

அங்கே என்ன ஆராய்ச்சி என்கிறீர்களா? 1991 ஜனவரியில் வால்டர் மங்க் என்ற கடலியலாளரின் குழு, தீவுக்கு அருகே கப்பலிலிருந்து தண்ணீருக்கடியில் ஒலி எழுப்பியது. அது ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர் தள்ளி அமெரிக்கக் கரை வரை கேட்டது. தண்ணீர் சூடானால் ஒலி வேகமாக ஓடும். போய்ச் சேரும் நேரத்தை வைத்தே கடல் எவ்வளவு சூடாகிறது என்று அளக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒலிப் பாடத்தின்போது இதைச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து வந்து, உலக உருண்டையில் அந்தத் தீவின்மேல் நூலை விரலால் அழுத்திப் பிடித்து, ஆப்பிரிக்காவின் தென்முனைக்குக் கீழாக, அமெரிக்காவுக்குக் கிழக்கே அட்லாண்டிக்கில் இருக்கும் பெர்முடா தீவு வரை இழுத்தாள். நடுவில் நிலமே குறுக்கிடவில்லை. “அதான் அங்க போனாங்களா மிஸ்?” என்றாள். யாரும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்தது. மறுநாள் ஆசிரியர் அறையில் எனக்குக் கிடைத்தது: “பரீட்சைக்கு வராததுக்கு ஏன் டைம் வேஸ்ட் பண்றீங்க?”

“இங்கே குடிக்கத் தண்ணியில்ல, பென்குயினுக்கு வக்காலத்தா?” என்பீர்கள். தண்ணீருக்காகக் குடத்தோடு தெருவில் நின்றவள்தான் நானும். ஒன்றுக்குக் கவலைப்பட்டால் இன்னொன்றுக்குக் கவலைப்படக் கூடாதா? அந்தத் தீவின் பனிப்பரப்பில் 1947க்கும் 2019க்கும் இடையே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அங்கே ஆலை இல்லை, வண்டி இல்லை, ஊரே இல்லை. ஆள் இல்லாத இடத்திலும் பனி உருகினால் பழியை உள்ளூர்மேல் போட முடியாது. இதற்காகவும்தான் அந்தத் தீவு வேண்டும் என்கிறேன்.

ஒரு மீமுக்கு இவ்வளவு கோபமா என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

நமக்கு உதவாதது எதுவும் இருக்கவே வேண்டாம் என்று நினைக்கிறோம். பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டால் “தெரிஞ்சு என்ன பண்ணப் போற?” என்று அடக்குகிறோம். அப்புறம் நம் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை என்று புலம்புகிறோம். நேற்று ஆமாம் போட்டவர்களில் சிலர் ஆசிரியர்கள். அவர்களைத்தான் கேட்கிறேன்: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அந்தத் தீவைத் தொட்டுக் காட்டி இது எதுக்கு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?