கல்லறைக்கு வெள்ளையடித்தவர்களுக்கு

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குன்னூர் பக்கத்தில், வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் புதைத்த பழைய பட்டாளத்துக் கல்லறையில் சிலர் செய்த ‘தூய்மைப் பணி’. முதலில் பாத்ரூம் ஆசிட், பிறகு கம்பி பிரஷ், கடைசியில் வெள்ளை பெயிண்ட். பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது.

மார்பிளில் ஆசிட் ஊற்றினால் நுரைக்கிறதே, அங்கே கரைவது அழுக்கு இல்லை, கல். மேல்மெருகு போய்க் கல் சர்க்கரை மாதிரி பொரபொரத்துவிடும். அடுத்த மழைக்கு அந்தச் சொரசொரப்பில் பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். அந்தக் கற்களில் பல எழுத்துகள், வெட்டிய பள்ளத்தில் ஈயம் அடித்துப் பதித்தவை. கம்பி பிரஷ் அதை நெம்பி எடுத்துவிடும். பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், பெயிண்டோடு கல்லின் தோலும் சேர்ந்து உரியும்.

“நல்ல மனசோடதானே செஞ்சாங்க?” இருக்கட்டும். நல்ல மனசுக்கு ஒரு வாளி தண்ணீரும் மெத்தென்ற நைலான் பிரஷும் போதும். முதலில் கல்லை நன்றாக நனையுங்கள். கீழிருந்து மேலாகத் தேயுங்கள், அப்போதுதான் அழுக்குத் தண்ணீர் வழிந்து காய்ந்த கல்லில் கோடு விழாது. பாசியை ஊறவிட்டு ஐஸ்கிரீம் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் சாயங்காலம் தண்ணீர் ஊற்றவே கூடாது. விரிசலில் நின்ற தண்ணீர் ராத்திரி உறைந்து கல்லைப் பிளந்துவிடும். சாய்ந்த கல்லுக்கு அடியில் சிமென்ட் கொட்டாதீர்கள், ஜல்லியும் மண்ணும் போட்டுக் கெட்டித்தால் நிற்கும். எழுத்து தெரியவில்லையா? சாக்பீஸ், மாவு எதுவும் வேண்டாம். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள், அல்லது ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைச் சாய்த்து அடியுங்கள், நிழலில் எழுத்து எழுந்து நிற்கும்.

“வெள்ளைக்காரன் கல்லறைக்கு ஏன் இவ்வளவு துடிப்பு?” இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதுதான் அதிகம் வலிக்கிறது. குன்னூரை ஒட்டிய பட்டாள ஊரான வெலிங்டனில் சண்டை நடக்கவில்லை. சமவெளியில் நோயில் விழுந்த சிப்பாய்களை உடம்பு தேற மேலே அனுப்பினார்கள், தேறாதவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1952இல் சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை அமைத்தபோது, தெற்கிலும் கிழக்கிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளைத் தோண்டி அங்கே சேர்த்தார்கள். 856 பேர். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு அது நடக்கவில்லை. அங்கங்கே கல்லறைகளை என்றைக்கும் பராமரிக்க முடியாது என்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரை மட்டும் நந்தம்பாக்கத்து நினைவுச் சின்னத்தில் வெட்டினார்கள். பெயர் சென்னையில், உடம்பு எங்கோ ஒரு மூலையில். அப்படிப்பட்ட ஒருவனுக்கு மலையில் ஒரு கல் மிஞ்சியிருந்தால், “இங்கேதான் கிடக்கிறான்” என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. அதில் போய் ஆசிட் ஊற்றுகிறோம்.

போரில் செத்த வீரனுக்கு நடுகல் நட்ட சனம் நாம். அந்தக் கல் நடும் சடங்குக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொல்காப்பியம் வரிசை சொல்கிறது. நீர்ப்படை என்றால் கல்லை நீராட்டுவது. செத்தவன் எந்த ஊர்க்காரன் என்று பார்த்தா கல்லுக்கு மரியாதை செய்வது?

“நீங்க போய் செஞ்சீங்களா?” என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள். கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) எல்லைக்குள் இருக்கும் கல்லறை என்றால் அனுமதி வாங்காமல் கை வைக்கக் கூடாது என்பதாவது எனக்குத் தெரியும்.

அந்த வீடியோவில் ஒரு கல்லை நிறுத்திப் பாருங்கள். வயது என்ற இடத்தில் 2 மட்டும் நிற்கிறது, பக்கத்து இலக்கம் போய்விட்டது. இருபத்தொன்றா இருபத்தொன்பதா, அந்தக் கல்லைப் பார்த்து இனி யாராலும் சொல்ல முடியாது.

அந்த நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து திரும்பிப் போங்கள். பிரஷ் வேண்டாம். கல்லின் அடியில் புல்லை விலக்கித் தேடுங்கள், ஈய எழுத்துகள் அங்கேதான் விழுந்திருக்கும். பொறுக்கி ஒரு கவரில் போட்டு, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று மேலே எழுதி, கல்லறைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.