க்ளாஸ்னு பேரு, உள்ள பழைய சரக்கு

ஜாவாஸ்க்ரிப்ட்ல க்ளாஸ் (டேட்டாவையும் வேலையையும் சேர்த்துக் கட்டுன ஆப்ஜெக்ட்டுகளை வார்க்கிற அச்சு) எழுதிட்டு நிம்மதியா தூங்குறவங்க யாராவது இருக்கீங்களா? 2015ல இந்த கீவேர்ட் வந்தப்போ ஜாவாங்கிற வேற மொழில இருந்து வந்த எனக்கு சொந்தக்காரன பார்த்த மாதிரி இருந்துச்சு, ஆனா உள்ள ஓடுறது ஆரம்பத்துலயே செல்ஃப்ங்கிற மொழிகிட்ட இருந்து எடுத்த அதே ப்ரோட்டோடைப் (ஒரு ஆப்ஜெக்ட் இன்னொண்ணுல இருக்கிறதை பகிர்ந்துக்கிற முறை) தான், க்ளாஸ் என்ன வகைன்னு டைப்ஆஃப் போட்டு கேட்டா ஃபங்ஷன்னு பல்ல இளிக்குது.

நேத்து ராத்திரி பூரா இதோட மல்லுக்கட்டு. பட்டனை அழுத்தினா எண்ணிக்கை ஒண்ணு ஏறணும், அவ்ளோதான் வேலை. மெத்தடை (க்ளாஸுக்குள்ள இருக்கிற ஃபங்ஷன்) அப்படியே தூக்கி, க்ளிக்கை கவனிக்கிற ஈவென்ட் லிசனர்கிட்ட குடுத்தேன், நம்பர் வர வேண்டிய இடத்துல 'நாட் எ நம்பர்'னு வந்து நிக்குது. ஏன்னா மெத்தடுக்குள்ள 'இந்த ஆப்ஜெக்ட்'னு சுட்டுற திஸ் இப்போ என் ஆப்ஜெக்ட் இல்லயாம், அந்த பட்டனாம்! ஜாவால திஸ் இப்படி கட்சி மாறி நான் பார்த்ததே இல்ல.

சரி, திஸ்ஸை ஆப்ஜெக்ட்டோட கட்டிப்போட பைண்ட் போடு, இல்லனா தனக்குன்னு திஸ் இல்லாத ஆரோ ஃபங்ஷனா மாத்துங்கிறாங்க. மாத்தினா அது ப்ரோட்டோடைப்ல உக்காராம ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் தனித்தனி காப்பியா போகுது, அப்புறம் சைல்ட் க்ளாஸ்ல பேரன்ட்டோட மெத்தடை சூப்பர் போட்டு கூப்பிட்டா அப்படி ஒண்ணே இல்லங்குது.

ப்ரைவேட்டுக்கு (வெளியில இருந்து தொடக்கூடாத டேட்டாவுக்கு) பேருக்கு முன்னாடி அண்டர்ஸ்கோர் போட்டுட்டு 'தொடாதீங்க ப்ளீஸ்'னு கெஞ்சிட்டு இருந்தோம், அதுக்கு ஹேஷ் குறி ஸ்டாண்டர்டுல வர 2022 ஆச்சு (பார்க்கவும் சகிக்கல, அது வேற விஷயம்). ஜாவாகிட்ட கடன் வாங்குறதுதான் வாங்குறீங்க, முழுசா வாங்கித் தொலைங்கப்பா. நான் அந்த கவுன்ட்டரை க்ளாஸே இல்லாம ரெண்டு ஃபங்ஷன்ல எழுதிட்டேன், ஓடுது.