"ஒன்னும் பண்ணாது" என்று தூரத்தில் நின்று கத்தாதீர்கள்

இன்றைக்கும் அதே வசனம்தான். "பயப்படாதீங்க மேடம், ஒன்னும் பண்ணாது!" நான் பயப்படுகிறேன் என்று உங்களிடம் யார் சொன்னது? நான் கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் நாயைக் கூப்பிடுங்கள், லீஷை மாட்டுங்கள். அதைத் தெளிவாக, மரியாதையாக, திரும்பத் திரும்பக் கேட்டேன். பதிலுக்குக் கிடைத்தது இந்த வசனம்.

குளிரும் மழையும் சேர்ந்துகொண்டால் நாய் வளர்ப்பவர் படும் பாட்டை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நாள் முழுக்க நசநசவென்று தூறல். பாதை மொத்தமும் சகதி. ஓரத்தில் இருக்கும் புல்லில் மட்டும் கொஞ்சம் பிடிப்பு உண்டு, அதில்தான் என் நாய் ரூபியை நடத்திக்கொண்டு போனேன். ரூபிக்கு ஒன்பது வயது. ஒரு பின்னங்காலில், முழங்காலுக்குள் லிகமென்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், அறுந்து அறுவைச் சிகிச்சை ஆன கால். மெதுவாகத்தான் நடக்கும். ஒவ்வொரு புல் நுனியையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். அது அதன் நேரம், அதை நான் அவசரப்படுத்துவதே இல்லை.

தூரத்தில் ஒரு பெரிய நாய். கழுத்தில் பட்டை இருக்கிறது, லீஷ் இல்லை. அதற்கும் வெகு தூரம் பின்னால் அதன் உரிமையாளர், கையில் போன், குனிந்த தலை. நான் உடனே ஓரமாக ஒதுங்கினேன். லீஷைச் சுருக்கிப் பிடித்தேன். ரூபியை எனக்குப் பின்னால் இழுத்து, அந்த நாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். ஒரு மனுஷி செய்யக்கூடியது அத்தனையும் செய்தாயிற்று. அப்புறம் குரல் கொடுத்தேன்: "ஏங்க, கொஞ்சம் உங்க நாயைப் பிடிங்க, எங்க நாய்க்குக் கால் ஆபரேஷன் ஆகியிருக்கு!"

தலை நிமிர்ந்தது. கை ஆட்டினார். "ஒன்னும் பண்ணாது!"

அதற்குள் அந்த நாய் ஓட ஆரம்பித்துவிட்டது. சகதியில் நாலு கால் பாய்ச்சல், பின்னால் சேறு வாரி இறைக்கிறது. நான் மறுபடி கத்துகிறேன். அவர் அந்த நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறார், பெயரை இழுத்து, பாட்டுப் பாடுகிற மாதிரி. அது வந்து என் மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்து ஏறி, அங்கிருந்து ரூபி மேல் பாய்ந்தது. ரூபி காதைப் பின்னால் ஒட்டவைத்து, வாலை இடுக்கி, உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. வேண்டாம் என்று ஒரு நாய் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? அந்த நாய் கேட்கவில்லை. ரூபி பின்வாங்கியது. பின்னங்கால் இரண்டும் சேற்றில் வழுக்கி அகன்று போக, அப்படியே வயிறு தரையில் பட விழுந்தது. ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

அவர் ஓடி வந்தாரா? இல்லை. சேறு படாமல் பார்த்துப் பார்த்து அடி வைத்து வந்தார். வந்து, "விளையாடத்தான் வருது, குட்டி" என்றார். என் இடுப்பு உயரம் இருக்கிறது அந்தக் குட்டி. அடுத்து, "உங்க நாய்க்கு மத்த நாய்ங்களோட பழக்கம் பத்தலை போல" என்றார். கீழே விழுந்து கிடப்பது என் நாய், குறையும் என் நாய்க்கே. கடைசியாக என் உடையைப் பார்த்தார். முழங்காலிலிருந்து தோள்பட்டை வரை சேறு. "சேறுதானே, காய்ஞ்சா உதிர்ந்துடும்."

அந்த இடத்தில் எனக்கு வாயே அடைத்துவிட்டது. சொல்ல வேண்டியதை எல்லாம் இப்போது இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கால். நாயின் முழங்காலுக்குள் இருக்கும் அந்த லிகமென்ட்தான் கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிப் போகாமல் பிடித்து வைக்கிறது. அது போனால் நாயால் அந்தக் காலைச் சரியாக ஊன்ற முடியாது. ஒரு காலில் அறுந்த நாய்க்கு மறுகாலிலும் அறுவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு அப்புறம் வாரக்கணக்கில் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. சிறுநீர் கழிக்கக்கூட லீஷோடு கூட்டிப்போய்க் கூட்டி வர வேண்டும். ஏன் வெளியே ஓட விடவில்லை என்று ஒரு நாய்க்குப் புரியவைக்க முடியாது. அது கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும். அந்த வாரங்களைக் கடந்து, தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றி, இந்த நடைக்கு அதைக் கொண்டுவந்திருக்கிறோம். ஒரு வழுக்கலில் அத்தனையும் போய்விடும். பூசியிருக்கும் சேற்றுக்கு அடியில் ஒரு முழங்கால் இருக்கிறது ஐயா.

அடுத்து, "காய்ஞ்சா உதிர்ந்துடும்." யாருக்கு உதிர்ந்துவிடும்? உங்கள் நாய்க்கு உள்முடி கிடையாதா? மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல அடர்ந்திருக்கிற உள்முடியில் சேற்றுத் தண்ணீர் இறங்கினால் வெளியே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே மணிக்கணக்கில் ஈரம் நிற்கும். ஹார்னெஸ் என்கிற மார்புப் பட்டை படும் அக்குளில் அந்த ஈரமும் மணலும் சேர்ந்து தோலை அறுக்கும். விரல் இடுக்கில் களிமண் உருண்டையாகக் காய்ந்து முடியோடு ஒட்டிக்கொள்ளும். நடக்கும்போதெல்லாம் அது முடியை இழுக்க, நாய் ராத்திரி முழுக்கப் பாதத்தை நக்கும். நக்க நக்க ஈரம், ஈரத்தில் ஈஸ்ட் பூஞ்சை பெருகும், தோல் சிவக்கும், அப்புறம் மருந்து, களிம்பு, நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. எல்லாம் இந்த உதிர்ந்துவிடும் சேற்றால்தான்.

அதனால் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொரு பாதமாகக் கழுவி, விரல் விரலாக விரித்துத் துடைக்க வேண்டும். நடுவில் அது ஒரு உதறு உதறும். அதைத் தடுக்கவே முடியாது. 2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: லாப்ரடார் அளவு நாய் நொடிக்கு நாலைந்து முறை உடலைச் சுழற்றுகிறது, சுண்டெலிக்கு அதுவே நொடிக்கு 30 முறை அளவு. உடம்பு சிறிதாக ஆக ஆக வேகம் கூடுகிறது. முடியில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்தச் சில உதறல்களிலேயே போய்விடுகிறது. குளிரில் ஈரத்தோடு நின்றால் உடல் சூடு போய்விடும் என்பதால் உடம்பே கண்டுபிடித்து வைத்திருக்கும் அருமையான வழி அது, அதற்காக ரூபியை நான் ஒருநாளும் திட்ட மாட்டேன். ஆனால் அந்தப் பெரும்பகுதி எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வேறொருவர் தன் நாயைப் பிடித்திருந்தால், இன்றைக்கு நாலு பாதத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

இதையெல்லாம்கூட விடுங்கள். தேங்கிக் கிடக்கிற தண்ணீரிலும் ஈர மண்ணிலும் எலிக்காய்ச்சல் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பெரும்பாலும் எலியின் சிறுநீரிலிருந்து வருவது. நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். தோலில் சிறு கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். தடுப்பூசி வருடாவருடம் போட வேண்டும், அதுவும் எல்லா வகைக் கிருமிக்கும் காவல் இல்லை. பிரிட்டனில் 2012இலிருந்து அலபாமா ராட் என்று ஒரு நோய் நாய்களைக் கொல்கிறது. முதலில் காலில் புண், அப்புறம் சிறுநீரகம் கைவிடும். அரிதுதான். ஆனால் பெரும்பாலும் குளிர்காலத்திலிருந்து வசந்தத்துக்குள், சேறான காட்டுப் பாதைகளில் நடந்த நாய்களுக்குத்தான் வந்திருக்கிறது. நடந்து வந்ததும் சேற்றைக் கழுவிவிடுங்கள் என்று அங்கே மருத்துவர்கள் சொல்கிறார்கள். சேறுதானே என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

இதே ஆட்கள்தான் மலத்தையும் அள்ள மாட்டார்கள். "மழை பெய்யுதுல்ல, கரைஞ்சு போயிடும்" என்பார்கள். எங்கே போகும்? நாய்க் குடலில் இருக்கும் உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அந்த மண்ணில் கை வைத்து விளையாடும் குழந்தையின் கண்ணைக்கூடப் பாதிக்கும். மழை அதைக் கரைக்காது, பரப்பத்தான் செய்யும். சேற்றுக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாத இருட்டில் மிதிப்பது நாங்கள்.

இருட்டு என்றதும் இன்னொன்று. குளிர்காலத்தில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. கறுப்பு நாய், கழுத்தில் ஒரு சின்ன விளக்குகூட இல்லை, லீஷும் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் நம்மை நோக்கி வரும். ஆனால் அது ஒன்றும் பண்ணாது!

"இவ்வளவு கஷ்டம்னா மழையில ஏன் கூட்டிட்டுப் போறீங்க, வீட்லயே வெச்சுக்க வேண்டியதுதானே?" இதைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. ரூபி வீட்டுக்குள் ஒருநாளும் சிறுநீர் கழிக்காது. கூட்டிப் போகாவிட்டால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் காலுக்கு நடை மருந்து, தினமும் வேண்டும், மழை நாளில் வேண்டாம் என்று தசை சொல்லாது. அதோடு, ஈரமான நாளில் மண்ணிலிருந்து வாசனை அதிகமாகக் கிளம்பும். ரூபி மூக்கைத் தரையில் ஒட்டவைத்து, கண்ணைப் பாதி மூடி, வால் நுனி மட்டும் அசைய நிற்கும் நிமிஷம் மழை நாளில்தான் அதிகம். வயதான நாய்க்கு எத்தனை குளிர்காலம் மிச்சம் இருக்கிறது? அந்த நிமிஷத்தை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அவர் லீஷை மாட்டச் சோம்பல்படுகிறார் என்பதற்காகவா?

கேட்பது மலையைப் புரட்டுகிற காரியமும் இல்லை. எதிரில் லீஷில் ஒரு நாய் வந்தால் உங்கள் நாயைக் கூப்பிட்டு மாட்டுங்கள். கூப்பிட்டால் வராத நாயா, அவிழ்த்து விடாதீர்கள். ஓடிப் பழக நீளமான பயிற்சிக் கயிறு கிடைக்கிறது, அதில் விடுங்கள். பக்கத்தில் வர வேண்டுமானால் தூரத்திலேயே நின்று, "வரலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் அதோடு விடுங்கள், எங்கள் நாய்க்குப் பழக்கம் பத்தவில்லை என்று பாடம் எடுக்காதீர்கள். லீஷில் இருக்கிற நாயால் விலகி ஓட முடியாது. ஓட வழியில்லாத நாய்தான் கடைசியில் கடிக்கும். கடித்தால் கெட்ட பெயர் யாருக்கு? லீஷில் ஒழுங்காக நடந்து வந்த நாய்க்கு.

ரூபி இப்போது காலை ஊன்றுகிறது. லேசாகத் தாங்கித்தான் நடக்கிறது. காலையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுவரை நான் தூங்கப்போவதில்லை.

அப்புறம், மழைக்கோட்டு தைக்கிறவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மழைக்கென்றே தைத்த கோட்டில் பையின் வாயை மேல் பக்கம் ஏன் திறந்து வைக்கிறீர்கள், மூடி இல்லாமல்? தோளிலிருந்து வழிகிற தண்ணீர் நேராக அதில்தான் இறங்குகிறது. நாய் பிஸ்கட் கூழாகிவிட்டது, மலம் அள்ளும் பை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் போனின் திரை ஈரத்தில் விரலையே ஏற்கவில்லை. ஒரு மூடி வைத்துத் தைக்க எவ்வளவு துணி ஆகிவிடும் உங்களுக்கு?