குண்டு போட்டால் கணக்கு தீருமா?

2025 ஜூனில் நதான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான் ஆகிய அணு நிலையங்கள் மூன்றின் மீதும் குண்டுகள் விழுந்ததும், ஈரானின் அணுத்திட்டம் ஒழிந்தது என்று பலர் எழுதினார்கள். கட்டடம் இடிந்தது சரி. 440.9 கிலோ எங்கே?

ஜூன் 13 அன்று ஈரானிடம் இருந்ததாக சர்வதேச அணுசக்தி முகமை கணித்த, 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியத்தின் அளவு அது. அணுத்திட்டத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளோடு ஈரான் செய்த 2015 ஒப்பந்தம் அனுமதித்ததோ 3.67 சதவீதச் செறிவு, மொத்தக் கையிருப்பு 202.8 கிலோ. அறுபதுக்கும் ஆயுதத் தரமான தொண்ணூறுக்கும் நடுவே நெடுந்தூரம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. இயற்கை யுரேனியத்தில் குண்டுக்கு வேண்டிய யுரேனியம்-235 என்ற வகை வெறும் 0.7 சதவீதம், மீதியெல்லாம் யுரேனியம்-238. அந்த 238-ஐக் கழிப்பதுதான் செறிவூட்டல். அதைச் செய்யும் சுழல் எந்திரங்களான மையவிலக்குகளின் உழைப்பில் பெரும்பங்கு தொடக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மேலும் செறிவூட்டினால், 60 சதவீதச் சரக்கில் சுமார் 42 கிலோ ஒரு குண்டுக்குப் போதும் என்பது முகமையின் அளவுகோல். வகுத்துப் பாருங்கள். அதுவும் சின்னச் சின்ன உருளைகளில் அடைத்து வண்டியில் ஏற்றிவிடக்கூடிய சரக்கு.

இதைக் காவல் காத்தது குண்டுவீச்சு விமானம் அல்ல, முகமையின் ஆய்வாளர்கள்தான். உருளையை எடை போடுவார்கள், சீல் வைப்பார்கள், கேமரா பொருத்துவார்கள், பருத்தித் துணியால் சுவரையும் குழாயையும் துடைத்து எடுப்பார்கள். துணியில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத துகளே செறிவு எவ்வளவு என்று காட்டிக்கொடுக்கும். 2023-இல் ஃபோர்டோவில் 83.7 சதவீதத் துகள்கள் இருந்தது அப்படித்தான் வெளிவந்தது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் குலையவில்லை. 2018-இல் அமெரிக்கா ஒப்பந்தத்தை விட்டு விலகியது. அதுதான் முதல் பெரும் தவறு என்பேன். 2021 பிப்ரவரியில் ஈரான் கூடுதல் ஆய்வுகளை நிறுத்தியது, 2022 ஜூனில் 27 கேமராக்களைக் கழற்றியது. இதில் ஈரானின் குற்றம் சின்னதல்ல. கேமரா இல்லாத மாதங்களில் எத்தனை மையவிலக்குச் சுழலிகள் செய்யப்பட்டன என்பதற்குச் சாட்சி இல்லை. பிறகு கேமராவைத் திரும்ப மாட்டினாலும் அந்த மாதங்கள் இருட்டுதான். 2025 ஜூன் போருக்குப் பின், ஜூலையில், எஞ்சியிருந்த ஆய்வாளர்களும் வெளியேற வேண்டியதாயிற்று.

வடகொரியா 2002 டிசம்பரில் ஆய்வாளர்களை வெளியேற்றியது, அடுத்த மாதமே அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது, 2006 அக்டோபர் 9-இல் சோதனை வெடி வெடித்தது. தென்னாப்பிரிக்காவோ தானே செய்த ஆறு குண்டுகளையும் பிரித்துப்போட்டு, 1991-இல் அதே பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்து, பழைய உற்பத்திப் பதிவேடுகளை ஆய்வாளர்கள் முன் விரித்து வைத்தது. அங்கே கணக்கு நேரானது. காகிதம் இருந்தது, காட்டும் மனமும் இருந்தது.

ஈரானோடு யார் பேச்சுக்கு உட்கார்ந்தாலும், தடைநீக்கத்துக்கும் ஏவுகணைக்கும் முன்னால் வைக்க வேண்டிய கோரிக்கை இது: ஆய்வாளர்கள் இஸ்ஃபஹான் சுரங்கங்களுக்குள் போக வேண்டும், உருளைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடை போட வேண்டும், 2021-க்குப் பிந்தைய சுழலி உற்பத்திப் பதிவேடுகள் முழுவதும் அவர்கள் கைக்கு வர வேண்டும்.