கான்ஸ்டன்டைனுக்கு முன்பே

நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆதரித்ததால்தான் கிறிஸ்தவம் ரோமப் பேரரசில் வேரூன்றியது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, கி.பி. 112 வாக்கில், இன்றைய வட துருக்கியில் இருந்த பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவ நம்பிக்கை நகரங்களோடு நிற்கவில்லை, கிராமங்களுக்கும் பரவிவிட்டது, எல்லா வயதினரும் எல்லா அந்தஸ்தினரும் இதில் இருக்கிறார்கள் என்று கவலைப்படுகிறார். உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததையும் அவரே சொல்கிறார். அந்தப் பெண்கள் கிறிஸ்தவ சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள். ரோமச் சமூகத்தின் அடித்தட்டில் கிடந்த ஓர் அடிமைப் பெண்ணுக்கு அப்படி ஒரு இடம் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம்! கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், 313-இல் கான்ஸ்டன்டைன் காலத்து மிலான் உடன்பாட்டால் கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்தது வழிபாட்டுச் சுதந்திரம் மட்டும்தான், அதுவும் எல்லா மதங்களுக்கும். கிறிஸ்தவத்தை அரச மதமாக்கியது 380-இல் பேரரசர் தியோடோசியஸ். இடையில் 361 முதல் 363 வரை ஆண்ட பேரரசர் ஜூலியன், பழைய தெய்வ வழிபாட்டை மீட்கப் பார்த்தார். அவர் இன்றைய மத்திய துருக்கியில் இருந்த கலாத்தியாவில், அந்தப் பழைய வழிபாட்டின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்கள், நம்மவர்கள் கைவிடுகிறார்கள் என்று வெட்கப்படுகிறார். நகரந்தோறும் வழிப்போக்கர் விடுதிகள் அமைக்கச் சொல்லித் தானியமும் ஒதுக்குகிறார்.